‘ஏதாவது கூட்டத்துக்குப் போயேன்’: குடியிலிருந்து மீள்வோர் கூடும் இடத்தை அறிய ஓர் எளிய விளக்கம்

குடியை விட முடியாமல் தவிக்கும் ஒருவரிடம் உறவும் நட்பும் சொல்லும் அறிவுரைகளில் கடைசியாக வருவது இது: “இதற்கென்று கூட்டங்கள் நடக்கின்றனவாமே, ஏதாவது ஒன்றுக்குப் போயேன்.” அங்கே என்ன நடக்கும் என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. ஒருவர் அதை மருத்துவமனையின் இன்னொரு பிரிவு என்று நினைத்துக்கொள்கிறார். இன்னொருவர் மதப் பிரசங்கம் என்று ஒதுக்கிவிடுகிறார். மூன்றாமவருக்கோ, பலர் முன்னால் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற பயம். மூன்று பேரும் மூன்று காரணங்களால் வாசல் வரைகூடப் போவதில்லை.

அந்த மூன்று பேருக்காகவும், அவர்களைப் போகச் சொல்லும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தலைவலியும் காய்ச்சலும்

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்று ஒரு பழமொழி உண்டு. இந்தக் கூட்டங்களின் அடிப்படை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஆற்றைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் வேகத்தை அளந்து சொல்ல ஒரு பொறியாளர் இருக்கிறார். அவருடைய கணக்கு தேவைதான். ஆனால் எந்தக் கல் வழுக்கும், எந்த இடத்தில் கால் புதையும் என்று சொல்ல, நேற்று அதே ஆற்றைக் கடந்த ஒருவர் வேண்டும். ஈரம் காயாத வேட்டியோடு அவர் அக்கரையில் நிற்பதைப் பார்ப்பதே பாதி தைரியம்.

குடியிலும் அப்படித்தான். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவர் சொல்வார். மாலை ஆறு மணிக்கு வாய் வறண்டு, கை பரபரத்து, கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்போது அடுத்த அரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பது, அந்த அரை மணி நேரத்தைக் கழித்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஒரே சிக்கலில் இருப்பவர்கள், குறித்த நாளில் குறித்த நேரத்தில், மேல் கீழ் இல்லாமல் கூடிப் பேசிக்கொள்ளும் அமைப்புக்கு ஆதரவுக் குழு என்று பெயர். அவர்கள் கூடும் ஒரு அமர்வைத்தான் ‘கூட்டம்’ அல்லது ‘மீட்டிங்’ என்கிறார்கள்.

சபதம் ஏன் சாயங்காலம் வரை தாங்குவதில்லை

“குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு” என்று இன்னொரு பழமொழியும் இருக்கிறது. கேலியாகச் சொல்லப்படுவது. ஆனால் இதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். “இனித் தொட மாட்டேன்” என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. சொல்லும் கணத்தில் அவர் அதை மனதார நம்புகிறார். அப்படியானால் மறுநாள் என்ன ஆகிறது?

புல்வெளியில் ஒரே தடத்தில் தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். பிறகு கால்கள் யோசிக்காமல் அந்த வழியே போகும். மூளையும் இப்படிப் பாதை போடுகிறது. நமக்கு நன்மை தரும் செயல்களை நாம் மறுபடி செய்ய வேண்டும் என்பதற்காக, அவற்றின்மேல் ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. அந்த முத்திரையைக் குத்தும் வேதிப்பொருள்களில் முக்கியமானது டோபமைன். மது இந்த ஏற்பாட்டுக்குள் புகுந்து, தன்மேல் மிக அழுத்தமான முத்திரையைக் குத்திக்கொள்கிறது. நாளடைவில் குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட தெரு, குறிப்பிட்ட நண்பரின் குரல் ஆகியவையே போதும். குடிக்கும் உந்துதல் கிளம்பிவிடும். இந்த உந்துதலை வேட்கை என்று அழைப்போம். வேட்கை ஓர் அலை. எழும், உச்சிக்குப் போகும், தாக்குப்பிடித்தால் தணியும். அதன் நடுவில் இருப்பவருக்கோ, அது தணியும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது.

இதே காலத்தில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும், ‘பொறு, யோசி’ என்று சொல்லும் மூளைப்பகுதியும் நீண்டகாலக் குடியால் தளர்ந்துபோகிறது. முடுக்கும் கை வலுக்க, தடுக்கும் கை மெலிகிறது.

ஆகவே காலையில் சபதம் செய்தவர் ஒருவர். மாலையில் அதே உடம்பில் இருப்பவர் வேறொருவர். மாலை வேளையில் காலை மனிதர் ஊரிலேயே இருப்பதில்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து இன்னொரு மனிதர் தேவைப்படுகிறார். கூட்டங்கள் நிறையவும் அடிக்கடியும் நடப்பதற்குக் காரணம் இதுதான். வாரம் முழுக்கப் புதிய பாதை ஒன்றில் நடந்து நடந்து, பழைய தடத்தில் புல் முளைக்கவிடுவதே நோக்கம்.

மருத்துவத்தில் இந்த நிலையைக் குடிநோய் என்கிறார்கள். இதற்கு இத்தனை குவளை என்ற கணக்கு கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையில் 11 அடையாளங்கள் உள்ளன: நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, வேட்கை, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டும் தொடர்வது என்று போகிறது அந்தப் பட்டியல். ஓராண்டுக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே அது குடிநோயின் தொடக்க நிலை. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் குடிநோயாளி என்று நம்பிக்கொண்டு பத்தாண்டுகளைத் தொலைத்தவர்கள் ஏராளம். ஆனால் கூட்டத்துக்குப் போக இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. ‘குடியை நிறுத்த வேண்டும்’ என்ற விருப்பம் ஒன்றே நுழைவுச் சீட்டு.

சுருக்கமாக: இது நேர்மைக் குறைவால் வருவதல்ல, பாதை பதிந்துபோனதால் வருவது. அதை மாற்றத் திரும்பத் திரும்பச் செய்யும் வேறொரு பழக்கமும், கூடவே ஆட்களும் வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் மருத்துவர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் ஓயாமல் தள்ளுகிறார். உள்ளேயிருந்து நீங்களும் அதே பலத்தோடு தள்ளிக்கொண்டு நிற்கிறீர்கள். வெளியில் இருப்பவர் திடீரென்று விலகினால் என்ன ஆகும்? நீங்கள் குப்புற விழுவீர்கள். மது, மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். தினமும் அதிகமாகக் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. குடியைச் சட்டென்று நிறுத்தினால் கூட்டி வைத்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதனால் வருபவை. இவற்றை விலகல் அறிகுறிகள் என்பார்கள்.

பலருக்கு இது சில நாள்களில் தணிந்துவிடும். சிலருக்குத் தணியாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் குழப்பம், இல்லாததைக் காண்பது, கடும் காய்ச்சல் ஆகியவை சேர்ந்த ஆபத்தான நிலை ஏற்படலாம். அது உயிரையும் பறிக்கக்கூடியது. எனவே நீண்ட காலமாகத் தினமும் அதிகம் குடித்தவர், முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ கண்டவர், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதலில் மருத்துவர். இந்த நாள்களைப் பாதுகாப்பாகக் கடக்க அவரிடம் மருந்துகள் உள்ளன. பின்னர் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்றவையும் இருக்கின்றன.

கூட்டம் மருத்துவமனைக்கு மாற்று இல்லை. மருத்துவமனையும் கூட்டத்துக்கு மாற்று இல்லை. மருத்துவமனை உடம்பிலிருந்து மதுவை இறக்குகிறது. கூட்டம், அது இறங்கிய பிறகு வரும் சாதாரண நாள்களைப் பார்த்துக்கொள்கிறது.

ஓர் ஓட்டல், ஒரு தொலைபேசி

இன்று உலகில் மிகப் பரவலாக நடக்கும் குடிமீட்புக் கூட்டங்கள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பினுடையவை. சுருக்கமாக ஏ.ஏ. ‘பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்’ என்பது அதன் பொருள். அது தொடங்கிய கதையே ஒருவர் கூட்டம் தேடிய கதைதான். ஒரே வித்தியாசம், அப்போது கூட்டம் என்று ஒன்று இருக்கவில்லை.

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தை ஆள், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஓட்டலின் முகப்புக் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் கலகலப்பு. மறுபக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும். அவர் தொலைபேசியின் பக்கம் போனார். பாதிரியார் ஒருவரை அழைத்து, பேசுவதற்குத் தனக்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றார். அந்த அழைப்பு, வேறு சில அழைப்புகள் வழியாக, ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. மறுநாள் சந்தித்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை மீண்டும் குடித்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஐந்து மாதங்களில் வில்சன் பல குடிநோயாளிகளிடம் பேசியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் பேசிய வில்சன் குடிக்காமல் இருந்தார். ஆக்ரனிலும் அவர் யாரையோ காப்பாற்றப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆள் தேடினார். புதிதாக வருபவருக்கு உதவுவது, உதவுபவரின் நிதானத்தையே உறுதிப்படுத்துகிறது. ஆகவே, முதல் நாள் வாசலில் தயங்கி நிற்கிறவர் அங்கே யாருக்கும் பாரம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அவர் தேவைப்படுகிறார்.

உள்ளே நடப்பது

பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. சாதாரண நாற்காலிகள். ஒருவர் கூட்டத்தை நடத்துகிறார். அவர் தலைவர் இல்லை, அந்த வேலை முறை வைத்து மாறும். தொடக்கத்தில் அமைப்பின் நோக்கத்தை வாசிப்பார்கள். பிறகு விருப்பமுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இதைப் பகிர்தல் என்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை. முடித்ததும் “நீ இப்படிச் செய்திருக்க வேண்டும்” என்று யாரும் புத்தி சொல்வதில்லை. அறிவுரையிலேயே மூழ்கியிருந்தவருக்கு இந்த மௌனம் முதலில் விநோதமாக இருக்கும்.

“என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று அறிமுகம் செய்துகொள்வது வழக்கம். விதி இல்லை. “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். முழுப்பெயர், முகவரி, வேலை எதையும் கேட்பதில்லை. கூட்டத்தில் பார்த்தவரை, கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது எல்லோரும் ஏற்ற ஒழுங்கு. கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு தட்டோ பையோ சுற்றி வரும். விரும்பிய உறுப்பினர்கள் போடுவார்கள். வெளியார் தரும் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதே இல்லை.

அடிக்கடி காதில் விழும் மூன்று சொற்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

பன்னிரண்டு படிகள்: என்னால் தனியாக இதை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தன்னைத் தானே கணக்கெடுத்து, காயப்படுத்தியவர்களிடம் ஈடுசெய்து, மற்றவர்களுக்கு உதவுவதில் முடியும் வழிமுறை.

ஸ்பான்சர்: சில காலமாகக் குடிக்காமல் இருக்கும் மூத்த உறுப்பினர், அந்த மாலை ஆறு மணிக்கு நீங்கள் தொலைபேசியில் அழைக்கக்கூடிய ஆள். புதியவரே பார்த்துத் தேர்ந்துகொள்வது. ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது நல்ல நடைமுறை.

மூன்றாவது, திறந்த கூட்டம் – மூடிய கூட்டம். திறந்ததற்கு யாரும் வரலாம்: குடும்பத்தினர், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள வருபவர்கள். மூடியது, குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். இதை நான் அனுபவத்தில் கற்றேன். நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போனபோது அது மூடிய கூட்டம் என்று வாசலில்தான் தெரிந்தது. அவரை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்

ஏ.ஏ.வின் படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது; ‘நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அப்படி’ என்ற தொடரும் சேர்ந்தே வருகிறது. உறுப்பினர்கள் பலர் தங்கள் குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அந்த விளக்கம் ஒத்துவரும். சிலருக்கு வராது, வர வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி, கடவுளைக் குறிப்பிடாமல், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சிகளைக் கொண்டு இயங்குகிறது. பெண்களின் அனுபவம் வேறு என்பதால் 1975இல் உமன் ஃபார் சொப்ரைட்டி தோன்றியது. லைஃப்ரிங் என்ற மதச்சார்பற்ற அமைப்பும் இருக்கிறது. இவை எல்லாம் இணையவழியிலும் கூடுகின்றன.

“இதெல்லாம் வேலை செய்கிறதா?” என்ற கேள்வி நியாயமானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, 10,000க்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு, அலசியது. முறையான வழிகாட்டலோடு ஏ.ஏ.வில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 42 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். வேறு சிகிச்சைகளில் அது சுமார் 35 சதவீதம். இதை மந்திரம் என்று கொண்டாடவும் முடியாது, வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது. ‘முறையான வழிகாட்டலோடு’ என்பதைக் கவனியுங்கள். ஒரு சீட்டில் முகவரியை எழுதிக் கையில் திணிப்பது வழிகாட்டல் ஆகாது.

தேடுவது எப்படி

ஏ.ஏ. உள்ளிட்ட அமைப்புகளின் அதிகாரபூர்வ இணையதளங்களில் நாடு, நகரம், கிழமை வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். பல நகரங்களில் ஏ.ஏ.வின் தொலைபேசி எண்ணும் உண்டு; எடுப்பவர் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஓர் உறுப்பினராக இருப்பார். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் போதை மீட்பு மையங்களிலும் கேட்டால் அருகில் நடப்பதைச் சொல்வார்கள்.

பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இந்தக் கூட்டங்கள் தன்னார்வலர்களால் நடப்பவை. இடம் மாறும், நேரம் மாறும், பட்டியல் மாறாமல் இருக்கும். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போன முதல் நாளே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி கிளம்ப மாதங்கள் ஆகலாம். எனவே முந்தைய நாள் ஒருமுறை அழைத்து மூன்றைக் கேளுங்கள்: நடக்கிறதா, திறந்ததா மூடியதா, எந்த மொழியில் பேசுவார்கள். தாய்மொழியில் அழ முடிகிற இடத்துக்கும், வேறு மொழியில் சமாளிக்கிற இடத்துக்கும் வித்தியாசம் பெரிது.

நேரத்தைத் தேர்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வசதியான நேரத்தைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேட்கை எழும் நேரத்தைப் பாருங்கள். வழக்கமாக ஏழு மணிக்குக் குடிப்பவருக்கு ஏழு மணிக் கூட்டம்தான் பொருத்தம். அருகில் எதுவும் இல்லையென்றாலோ, முகம் காட்டத் தயக்கமாக இருந்தாலோ, இணையவழிக் கூட்டம் நல்ல தொடக்கம். கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு கேட்கலாம். பிறகு முடிந்தபோது நேரில் போகலாம், ஏனென்றால் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசும் பத்து நிமிடம் இணையத்தில் கிடைப்பதில்லை. தொலைபேசி எண்கள் கைமாறுவது அங்கேதான்.

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால்

பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். எல்லோரும் உங்களைவிட வயதானவர்களாக இருக்கலாம். ஒருவரே நாற்பது நிமிடம் பேசியிருக்கலாம். ஒரு கூட்டத்தை வைத்து எல்லாக் கூட்டங்களையும் எடை போடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன்போக்கில் நடப்பது. வெவ்வேறு குழுக்களாக ஐந்தாறு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் திரும்பிப் போகலாம். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். அங்கே அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் குறைவு, ஏனென்றால் பெரும்பாலோர் அப்படித் திரும்பி வந்தவர்கள்.

ஆனால் சிலவற்றைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது தவறு; உறுப்பினர்கள் மருத்துவர் வேலையில் தலையிடக் கூடாது என்பது ஏ.ஏ.வின் சொந்த நிலைப்பாடே. பணம் கேட்டால், கடன் கேட்டால், புதிதாக வந்தவரின் தளர்ந்த நிலையைப் பயன்படுத்தி யாராவது நெருங்கப் பார்த்தால், அந்தக் குழு வேண்டாம். வேறு குழு இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கூட்டம் தேடுபவர்களில் பலர் குடிப்பவர்கள் இல்லை. அவர்களுடைய மனைவி, கணவன், அம்மா, மகள். இணையத்தில் முகவரி தேடி, அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர் குடித்திருக்கும்போது சொல்லாதீர்கள். மறுநாள் காலையில், சபதம் செய்யும் அந்தக் காலை மனிதர் ஊரில் இருக்கும்போது, ஒரு முறை, அமைதியாகச் சொல்லுங்கள். வாசல் வரை கூட வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அவர் மறுத்தாலும் உங்களுக்கென்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கானது. பதின்பருவப் பிள்ளைகளுக்காக 1957இல் அலட்டீன் வந்தது. குடிக்கு நீங்கள் காரணம் இல்லை, உங்களால் அதை அடக்கவோ குணப்படுத்தவோ முடியாது என்பதுதான் அங்கே முதலில் காதில் விழும் பாடம். புட்டிகளை ஒளித்து வைத்தும், அலுவலகத்துக்குப் பொய் சொல்லியும், தூங்காமல் வாசலைப் பார்த்தும் களைத்துப்போனவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இருப்பவர் குடியை நிறுத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் இன்று இரவு குடித்துவிட்டு வந்தாலும், நாளை மாலைக் கூட்டத்துக்கு நீங்கள் போகலாம்.